கரியிழையும் கண்ணாடிப் பூச்சும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பிரிக்பீல்ட்சில் நடைபெற்ற தொழில் விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



கரியிழை என்னும் பொருளைக் கொண்டு வீட்டிலும் சிறு பட்டறையிலும் செய்யப்படும் பாகங்களைச் சீர்செய்து, அவற்றின்மீது ஒளிபுகும் பூச்சு இடும் முறையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். 'பால்மரம் வெட்டுகின்ற எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. சீபீல்டு தோட்டத்தின் பால்மரங்கள் நின்ற நிலத்தில் இன்று சுபாங் ஜெயா நகரம் நிற்கின்றது. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலாம் எழுந்துள்ளது. அந்தத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் மோட்டார் பட்டறைகளிலே வேலை செய்கின்றனர். இன்னும் தோட்டத்திலேயே இருக்கும் உங்கள் பிள்ளைகளும், மோட்டார் சைக்கிளின் மட்கார்டையோ பக்கவாட்டு மூடியையோ கரியிழையால் செய்து பார்க்கத் தொடங்கியுள்ளனர். கொல்லைப்புறத்தில் நடக்கும் அந்த வேலையில் எது நன்மை, எது தீங்கு என்பதைப் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். ஆகவேதான் தாய்மார்களையும் அழைத்தோம்.

கரியிழை என்பது யாது? கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெல்லிய கரி நூல் அது. அதன் ஓர் இழையின் தடிப்பு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து முதல் ஏழு பங்குதான். தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு எனலாம். அத்தகைய மூவாயிரம் இழைகளை ஒரு கற்றையாக்கி, அக்கற்றைகளைக் கொண்டு துணி நெய்கின்றார்கள். கடையில் விற்கப்படும் கருந்துணி பெரும்பாலும் இந்த வகையே. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை இருக்கும். துணியாக இருக்கும்போது அது கைக்குட்டையைப் போல் துவளும். அதனுள் பிசினை ஊட்டி இறுகச் செய்தால்தான் வலிமை பிறக்கின்றது.

இது நேற்று வந்த பொருளன்று. 1879-ஆம் ஆண்டில் எடிசன் தம் மின்விளக்கினுள் பருத்தி நூலைக் கரியாக்கி வைத்தார். பின்னர் மூங்கில் நாரையும் கரியாக்கிப் பயன்படுத்தினார். ஆயினும் வலிமை மிக்க கரியிழை 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன் ஆகிய நாடுகளின் ஆய்வுக் கூடங்களில்தான் உருவாயிற்று. முதலில் தோல்வியும் வந்தது. பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் விமான எஞ்சினின் முன்விசிறி இறகுகளைக் கரியிழையால் செய்து பார்த்தது. பறவை மோதினால் தாங்குமா என்னும் சோதனையில் அவை தேறவில்லை. உலோகத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 1981-இல் மெக்லாரன் நிறுவனம் கரியிழையால் உடற்கூடு அமைத்த முதல் பார்முலா ஒன் பந்தயக் காரை ஓடவிட்டது. அவ்வாண்டே இத்தாலியில் மோன்சா பந்தயத்தில் அந்தக் கார் பெரும் வேகத்தில் மோதிச் சிதறியபோதும், ஓட்டிய ஜான் வாட்சன் காயமின்றி வெளிவந்தார். அதன்பின் உலகமே கரியிழையைத் திரும்பிப் பார்த்தது. 1999 முதல் 2017 வரை நம் செப்பாங்கில் ஓடிய பார்முலா ஒன் கார்கள் யாவும் இந்தப் பொருளால் ஆனவையே.

நம் நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியுள்ளது. 1990-இல் தொடங்கப்பெற்ற சிடிஆர்எம் நிறுவனம் மலாக்காவின் பத்து பெரண்டாமில் விமானங்களுக்கான பாகங்களைச் செய்து வருகின்றது. சுபாங்கில் 2009-இல் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் நிறுவனம் திறந்த தொழிற்சாலையில் ஏர்பஸ் விமானத்தின் இறக்கைப் பாகங்கள் ஒருங்கிணைக்கப்பட்டன. அங்கெல்லாம் பெரிய அடுப்புகளும், அழுத்தக் கலன்களும், தூசியில்லாக் கூடங்களும் உண்டு. கொல்லைப்புறத்தில் இவை இல்லை. இல்லாதவற்றின் குறையைக் கைத்திறனாலும் பொறுமையாலும் ஈடுசெய்ய வேண்டியிருப்பதால்தான் பூச்சுக்கு முந்திய வேலை இவ்வளவு நீளுகின்றது.

பால் உறைய வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பிசின் வேலை புரிய அதிக நேரம் ஆகாது. பாலில் தண்ணீர் கலந்து, அளவறிந்து அமிலம் விட்டு, நுரையை வழித்தெடுத்து, உறைந்ததும் உருளையில் இட்டுச் சீட்டாக்குகின்றீர்கள். நுரை வழிக்காமல் விட்டால் சீட்டில் குமிழி தங்கும்; குமிழி தங்கினால் தரம் இறங்கும். பிசின் வேலையிலும் குமிழியே பகை. ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அதனை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பால் விரைவில் உறைய வேண்டுமானால் அமிலத்தைச் சற்றுக் கூட்டலாம். எப்பாக்சிப் பிசினில் அது செல்லாது. அதனுடன் சேர்க்கும் இறுக்கியானது பிசினோடு அணுவுக்கு அணு இணைந்து தானும் பொருளின் பகுதியாகிவிடுகின்றது. நூறு கிராமுக்கு முப்பது கிராம் என்று புட்டியில் எழுதியிருந்தால் முப்பதுதான். நாற்பது விட்டால் விரைவில் இறுகாது. என்றைக்கும் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஆகவே கண்ணளவு வேண்டா. சிறு மின்தராசு ஒன்று வாங்கிக்கொள்க. கண்ணாடியிழைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பிசின் வேறு சாதி. அதன் இறுக்கியை ஓரளவு கூட்டிக் குறைக்கலாம். இரண்டையும் ஒன்றென நினைத்துக் கலப்பவர்கள்தாம் பொருளைப் பாழாக்குகின்றார்கள்.

கலந்த பிசினை ஆழமான குவளையில் வைத்திருக்கவும் கூடாது. அது தன் வெப்பத்தால் தானே கொதித்துப் புகையும். குவளை உருகிவிடுவதும் உண்டு. அகன்ற தட்டில் ஊற்றி வைத்தால் வெப்பம் பரந்து போகும்.

அச்சிலே மெழுகு தேய்த்து, துணி விரித்து, பிசின் ஊட்டி, மேலே உறையிட்டுக் காற்றை உறிஞ்சி எடுக்கும் முறைகளைப் பற்றி இன்று விரித்துரைக்க நேரமில்லை. பாகம் அச்சிலிருந்து வெளிவந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பளபளப்பாகத்தான் தோன்றும். இளைஞர்கள் அன்றைக்கே வண்டியில் பூட்டிவிடத் துடிப்பார்கள். பூட்டலாம், ஆனால் எப்பாக்சி வெயிலைத் தாங்காது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதனை மஞ்சளாக்கி, பின்னர் மேற்பரப்பைச் சுண்ணாம்புபோல் உதிரச் செய்யும். நம் நாட்டு வெயிலில் சில மாதங்களே போதும். அக்கதிர்களைத் தடுக்கும் பொருள் கலந்த ஒளிபுகும் பூச்சு மேலே இருந்தால்தான் கருநெசவு கண்ணாடிக்குள் இருப்பதுபோல் பல்லாண்டு விளங்கும். பட்டறைக்காரர்கள் இதனைக் 'கிளியர்' என்பார்கள். மினுக்குவது அதன் வேலையில் பாதிதான். மற்றப் பாதி குடை பிடிப்பது.

முதற்படி, காத்திருத்தல். சாதாரண வெப்பத்தில் எப்பாக்சி முழுவதும் இறுக ஏறத்தாழ ஏழு நாள் வேண்டும். அது இறுகினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. கறுப்புப் பொருள் நண்பகல் வெயிலில் நின்றால் 70 பாகை வரை சூடேறக்கூடும். வீட்டு வெப்பத்தில் இறுகிய பிசின் 50, 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். அப்போது பிசின் மேலும் சுருங்க, உள்ளிருக்கும் துணியின் நெசவு வரிவரியாக மேற்பரப்பில் எழும்பும். கண்ணாடிபோல் மெருகிட்ட பாகம் ஒரு வாரத்தில் பாயின் முதுகுபோல் ஆவது இதனால்தான். பூச்சு சரியில்லை என்று பூச்சுக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. பூச்சுக்கு முன்பே பாகத்தைச் சூடேற்றி, சுருங்க வேண்டிய அளவு சுருங்கச் செய்துவிட வேண்டும். தகரம் உட்புறம் பதித்த பலகைப் பெட்டியில் வெப்பம் ஏற்றி, மணிக்குப் பத்துப் பாகைக்கு மேற்படாமல் மெல்ல உயர்த்தி, 60 பாகையில் சில மணி நேரம் வைத்து, பெட்டிக்குள்ளேயே ஆறவிட வேண்டும். சீட்டு உலர்த்தும் புகைவீட்டின் வெப்பமும் ஏறத்தாழ இதுவே. அதற்காக யாரும் மட்கார்டைத் தூக்கிக்கொண்டு புகைவீட்டுக்குப் போய்விட வேண்டா. புகைக்கரி படிந்தால் பூச்சு ஒட்டாது!

அடுத்தது, கழுவுதல். காற்றில் ஈரம் மிகுந்த நம் நாட்டில் எப்பாக்சி இறுகும்போது அதன் மேல் மெழுகுபோன்ற மெல்லிய படலம் ஒன்று பூக்கும். அச்சில் தேய்த்த மெழுகும் பாகத்தோடு வந்திருக்கும். இவற்றைப் போக்காமல் தேய்க்கத் தொடங்கினால், தேய்ப்பவை அவற்றை உள்ளே அழுத்திவிடும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீராலும் பாத்திரம் தேய்க்கும் நாராலும் நன்றாகக் கழுவுக. மெழுகு நீக்கும் திரவத்தை அதன்பின் ஒரு துணியால் தடவி, உலருமுன் வேறு துணியால் துடைத்தெடுக்க. தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீர் சேம்பிலைமேல் உருள்வதுபோல் முத்துமுத்தாக நின்றால் மெழுகு இன்னும் இருக்கின்றது. படலமாகப் பரவினால் போய்விட்டது.

மூன்றாவது வேலை ஊசித்துளைகளை அடைப்பது. நெசவுக் கற்றைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் காற்று சிக்கிச் சிறுசிறு துளைகள் விழும். பூச்சு அவற்றை மூடிவிடும் என்று நம்ப வேண்டா. பூச்சு துளையின் மேல் பாலம் போட்டு நிற்கும். உள்ளே உள்ள காற்று வெயிலில் விரிந்ததும் அது வெடித்துத் திறக்கும். பாகத்தை 240 எண் மணல்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கழுவி உலர்த்தி, சிறிதளவு பிசினைக் கலந்து கையுறை அணிந்த விரலால் துளைகளுக்குள் அழுத்தித் தேய்க்க வேண்டும். பின்னர் முழுப் பரப்பிலும் மெல்லியதாகப் பிசின் ஒரு கை பூசி இறுகவிடுக. வேண்டுமானால் இன்னொரு கை. வீட்டில் செய்த பாகங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கை தேவைப்படும்.

இப்போதுதான் மெய்யான தேய்ப்பு. 240, 400, 600 என்று தாளை மாற்றிக்கொண்டே போக வேண்டும். தட்டையான இடத்தில் தாளை ரப்பர்க் கட்டையில் சுற்றித் தேய்க்க; வெறும் விரலால் தேய்த்தால் விரற்பள்ளம் விழும். ஓரங்களிலும் முனைகளிலும் கை பதமாக இருக்கட்டும்; அங்கே பிசின் மெல்லியது. தேய்க்கும் தண்ணீர் வெண்மையாக ஓடும்வரை நீங்கள் பிசினை மட்டும் தேய்க்கின்றீர்கள். தண்ணீர் கறுத்ததோ, உடனே நிறுத்துங்கள்! இழை அறுபடுகின்றது என்பது அதன் பொருள். அறுபட்ட இழை ஒளியை வேறுவிதமாகத் திருப்பும்; எத்தனை பூச்சு இட்டாலும் அவ்விடம் மங்கலான தழும்பாகவே தெரியும். கத்தி மரப்பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டால் காயம் ஆண்டுக்கணக்கில் ஆறாதிருப்பதைக் கண்டவர்கள் நீங்கள். கையின் ஆழம் அறிந்து வெட்டுகின்றவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வேலை நன்றாகவே வரும் என்பது என் நம்பிக்கை.

கரித்தூசியைப் பற்றி ஒரு சொல். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி தோலில் ஏறி அரிக்கும், மூச்சிலும் போகும். அது மின்சாரத்தையும் கடத்தும். கைமெஷினுக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் புகுந்தால் மின்கசிவு நேரலாம். ஆகவே இயன்றவரை தண்ணீர் விட்டுக் கையால் தேய்ப்பதே நலம். விளிம்பு அறுக்கும்போது தூசி தடுக்கும் முகக்கவசமும் கண்ணாடியும் அணிக. கையுறை எதுவென்று கேட்பீர்கள். உலகிலேயே மிகுதியாக ரப்பர்க் கையுறை செய்யும் நாடு நம்முடையது. அந்தப் பாலில் உங்கள் வியர்வையும் உண்டு. ஆயினும் பிசினுக்கும் கரைப்பான்களுக்கும் இயற்கை ரப்பர் போதிய தடையன்று. நைட்ரைல் கையுறையே இங்கே ஏற்றது. பிசின் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை பற்றிக்கொள்ளும்; பற்றினால் எளிதில் விடாது.

இனிப் பூச்சு. இதில்தான் நான் உங்களிடம் அழுத்திக் கூற வேண்டியது இருக்கின்றது.

நீண்ட நாள் நிற்கும் பூச்சு இரண்டு புட்டிகளாக வரும். ஒன்று பூச்சு, மற்றொன்று அதன் இறுக்கி. அந்த இறுக்கியில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. 1984 டிசம்பரில் இந்தியாவின் போபாலில் ஓர் இரவில் ஆயிரக்கணக்கானோரைக் காவுகொண்ட நச்சுவாயு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பூச்சில் இருப்பது அதே வாயு அன்று. அத்துணைக் கொடியதும் அன்று. ஆனால் துப்பாக்கியால் தெளிக்கும்போது அது நுண்திவலையாகி நுரையீரலின் அடிவரை செல்லும். தீங்கு செய்யும் அளவு காற்றில் இருந்தாலும் வாடையால் அதை அறிய முடியாது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலே மூச்சு இறுகும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர், கிள்ளானில் ஒரு பட்டறையில் மூன்றாண்டு பூச்சுத் தெளித்தார். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். அங்கே வேறெதுவும் கொடுக்கப்படவில்லை. இரவில் இருமல் வரும், நெஞ்சு இறுகும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் வந்தால் குறையும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவருடைய தாயார் கைம்மருந்து கொடுத்து வந்தார். வேலை நாளில் கூடி விடுமுறையில் குறைவதுதான் இந்நோயின் அடையாளம் என்பதை மருத்துவர் சொன்ன பிறகே அறிந்தனர். இன்று அவர் பூச்சு வாடை வீசும் தெருவில்கூட நடக்க இயலாதவராக இருக்கின்றார். கற்ற தொழில் முழுவதும் கைவிட்டுப் போயிற்று. வயது இருபத்தாறு.

தாய்மார்களே, வீட்டுத் திண்ணையில், தொட்டிலுக்கு இரண்டு அடி தள்ளி, உங்கள் மகன் இந்தப் பூச்சைத் தெளிப்பதை அனுமதிக்காதீர்கள். அவன் கோபித்தாலும் சரி. இரண்டு புட்டிப் பூச்சு இப்போது சிறு தெளிப்புக் குப்பியிலும் வருகின்றது. அடியிலுள்ள முனையை அழுத்தி உள்ளேயே இறுக்கியைக் கலந்துகொள்ளும் வகை. குப்பி சிறியது என்பதால் நஞ்சு இல்லை என்றாகிவிடாது. இந்தப் பூச்சைத் தெளிக்க வேண்டியவர், வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி பெறும் முகமூடி அணிந்து, காற்றை உறிஞ்சும் கூடத்தில் நின்று தெளிக்க வேண்டும். அந்த ஏற்பாடு தோட்டத்து வீட்டில் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? என் தீர்ப்பு இது: தேய்ப்பதுவரை நீங்களே செய்யுங்கள். கடைசிப் பூச்சை மட்டும் முறையான தெளிப்புக் கூடம் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கூலியில் பெரும்பகுதி தேய்ப்புக்கே போவது வழக்கம். அதனை நீங்கள் முடித்துக் கொண்டுபோனால் செலவும் குறையும். வீட்டிலேயே முடிக்க வேண்டும் என்பவர்கள் இறுக்கியில்லாத ஒற்றைக் குப்பி அக்ரிலிக் பூச்சைத் திறந்தவெளியில், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கரிவடிகட்டி முகமூடி அணிந்து தெளிக்கலாம். உழைப்பு குறைந்த பூச்சுதான். பெட்ரோல் பட்டால் கரையும். சில ஆண்டுகளில் மறுபடி பூச நேரும். நுரையீரலுக்கு மறுபூச்சு இல்லையாதலால் நான் இதனையே விரும்புவேன்.

தெளிக்கும் நாளையும் வேளையையும் உங்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டில்லை அல்லவா? பூச்சுக்கும் அப்படியே. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கின்றது. ஈரக்காற்றின் நீர் அதன்மேல் படிந்து பூச்சு பால்போல் வெளுத்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மழைக்கு முன்னும் பின்னும் தெளிக்காதீர்கள். பனி நீங்கி வெயில் ஏறிய முற்பகல் ஏற்ற நேரம். டயருக்குப் பூசும் சிலிக்கோன் எண்ணெயை அன்றைக்கு அருகில் எடுக்கவே கூடாது. அதன் துளி பட்ட இடத்தில் பூச்சு விலகி, மீன்கண் போன்ற குழிகள் விழும். முதற்பூச்சு மெல்லிய மூடுபனிபோல் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது, அதன்பின் மூன்றாவது; குப்பியில் வேறு கணக்கு இருந்தால் அதன்படி. ஒரே மூச்சில் தடிப்பாகத் தெளித்தால் ஒழுகும்.

சில நாள் உலர்ந்தபின் 1500, 2000, 3000 எண் தாள்களால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெருகுப் பசையிட்டுத் துணியால் துடைத்தால் உங்கள் முகம் அதில் தெரியும்.

எந்தப் பாகத்தைச் செய்யலாம், எதனைச் செய்யக்கூடாது என்று ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியுள்ளார். நல்ல கேள்வி. மட்கார்டு, பக்கவாட்டு மூடி, சங்கிலி மூடி போன்ற உறைகளைச் செய்யலாம். கைப்பிடித் தண்டு, பிரேக் நெம்புகோல், சக்கரம், முன்கவட்டை ஆகியவற்றைச் செய்யவே கூடாது. இரும்பு உடையுமுன் வளைந்து எச்சரிக்கும். கரியிழை வளைந்து காட்டாமல் திடீரென்று முறியும். அதிகாலை இருட்டில் வெட்டுக்குப் போகும் வழியில் பிரேக் நெம்புகோல் முறிந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். சிரிம் முத்திரை பெற்ற தலைக்கவசத்தின்மேல் கரியிழை ஒட்டுவதும், அதனைத் தேய்த்துப் பூச்சு இடுவதும் வேண்டா. கரைப்பான் அதன் ஓட்டைப் பலவீனமாக்கும். வண்டியின் அமைப்பையே மாற்றுவதாயின், 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் ஜேபிஜே அனுமதி வேண்டும். செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இன்னொன்று: கரியிழை அலுமினியத்தை நேரே தொட்டுக்கொண்டு மழையில் நனைந்தால் அலுமினியம் அரித்துப்போகும். திருகு பூட்டும் இடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள். இங்கே நம் ரப்பர் நன்றாகவே பயன்படும்.

இத்தொழிலை முறையாகக் கற்க விரும்புவோர் ஷா ஆலாமிலுள்ள அட்தெக் போன்ற அரசாங்கப் பயிற்சி நிலையங்களில் எந்தப் பிரிவுகள் உள்ளன என்று நேரில் விசாரியுங்கள். பட்டறையில் சேருகின்றவர்கள் முதல் நாளே இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: தெளிப்பவருக்குக் காற்றுக்குழாய் முகமூடி உண்டா? சொக்சோவில் என் பெயர் பதியப்படுகின்றதா? 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியைப் பதிவது முதலாளியின் கடமை. வேலையினால் வரும் ஆஸ்துமா தொழில்சார் நோய்களுள் அடங்கும். சொந்தமாகப் பட்டறை நடத்துவோருக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனித்திட்டம் உண்டு. இருமல் தொடங்கியவர்கள், அது எந்த நாளில் கூடுகின்றது, எந்த நாளில் குறைகின்றது என்று ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தப் பூச்சு என்று அவர் கேட்பார். இறுக்கிப் புட்டியின் சீட்டையும் கிழித்து எடுத்துச் செல்லுங்கள்.

மேசைமேல் தேய்க்கப்படாத பாகமும், பாதி தேய்த்ததும், பூச்சு முடிந்ததும் வைத்துள்ளேன். வந்து கையால் தொட்டுப் பாருங்கள்.